பெட்டி சொன்ன முகவரி

“உங்கள் தந்தையார் என்ன தொழில் செய்கின்றார்?” என்று எழுதிவரும்படி தமிழ்ப் பள்ளியில் ஒருமுறை வீட்டுப்பாடம் தந்தார்கள். என் மகள் கொப்பியை விரித்து, “அப்பா பெட்டிகளோடு கதைக்கிறார்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். சிரித்தேன், ஆயினும் அவள் எழுதியது பிழையன்று. அவ்வரிக்கு விளக்கமாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பெரியதொரு நிலையத்தில் கணனிகளை இணைக்கும் சுவிட்ச், ரவுட்டர் முதலிய பெட்டிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைக் காவல் வைக்க இயலாது. ஆதலால் பெட்டிதோறும் ‘முகவர்’ எனப்படும் சிறு நிரல் ஒன்று இயங்குகின்றது. தொலைவிலுள்ள மேலாண்மைக் கணனி வினவ, முகவர் விடை பகரும். இவ்வுரையாடலின் விதிகளே எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை. 1988ஆம் ஆண்டு வெளியான அது இன்றும் வழக்கில் உள்ளது.

வெவ்வேறு நிறுவனங்கள் செய்த பெட்டிகள் ஒரே வினாவை எவ்வாறு விளங்கிக்கொள்கின்றன? வினவத்தக்க ஒவ்வொரு விவரத்திற்கும் ஒரு மரத்தில் தனி இலை உண்டு. வேரிலிருந்து அவ்விலைக்குச் செல்லும் வழி எண்களால் குறிக்கப்படும். பெட்டி இருக்குமிடத்தை அறிய 1.3.6.1.2.1.1.6.0 என்று கேட்க வேண்டும். முதலிலுள்ள 1 அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு; 3 அதன்கீழ் வரும் நிறுவனங்கள்; 6 அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம்; அடுத்த 1 இணையம்; 2 மேலாண்மை; அதன்பின் வரும் 1 பெட்டிகளுக்குப் பொதுவான தகவல் தொகுதி; அடுத்த 1 பெட்டியைப் பற்றிய அடிப்படைச் செய்திகள்; 6 இருக்குமிடம். இறுதியிலுள்ள 0, அவ்விலையில் ஒரே ஒரு விடைதான் உண்டு என்பதற்கு அடையாளம். கடித உறையில் நாம் வீட்டில் தொடங்கி நாட்டில் முடிக்கின்றோம். இங்கோ நாட்டில் தொடங்கி வீட்டுக்கு வருகின்றோம். நிறுவனங்கள் தத்தம் தனிச் செய்திகளை வைப்பதற்கு 1.3.6.1.4.1 என்னும் கிளை உண்டு. அங்கே சிஸ்கோவின் எண் 9. இதனால் ஒருவரின் இலை மற்றவருடையதோடு மோதுவதில்லை.

இத்தகைய ஒழுங்கு இருந்தும் நான் ஒருமுறை வழிதவறினேன்.

1998ஆம் ஆண்டு, குளிர்கால இரவு. நான் பணிபுரிந்த மருத்துவமனையில் ஆய்வுகூட முடிவுகள் நோயாளர் விடுதிகளின் கணனிகளுக்கு வந்துசேரவில்லை. ஐயத்திற்குரிய சுவிட்சை வினவினேன். அதன் ஏழாம் இணைப்பில் வந்த பிழைகளை எண்ணும் இலை 1.3.6.1.2.1.2.2.1.14.7. முதல்முறை கேட்டதற்கும் மறுமுறை கேட்டதற்கும் இடையில் அவ்வெண் விரைந்து ஏறியிருந்தது. பழுது அங்கேதான். இருக்குமிடத்தைக் கேட்டேன். “இரண்டாம் மாடி, கிழக்கு அறை” என்று விடை வந்தது. ஓடினேன். அங்கே வெறும் சுவர் மட்டுமே இருந்தது.

சில மாதங்களுக்கு முன் கட்டடத் திருத்த வேலையின்போது அப்பெட்டியை நிலக்கீழ்த் தளத்துக்கு மாற்றியிருந்தோம். மாற்றியவன் நானே. இருக்குமிடத்தைத் திருத்தி எழுதுவதை “நாளைக்குப் பார்க்கலாம்” என்று விட்டவனும் நானே. அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை தாதியர் முடிவுகளைத் தாளில் ஏந்திக்கொண்டு படியேறி இறங்கினார்கள். வடத்தை மாற்றியதும் பிழையெண் ஏறுவது நின்றது. நோயாளர் எவருக்கும் தீங்கு நேரவில்லை என்று அறிந்த பின்பே எனக்கு மூச்சு வந்தது.

அன்று ஒன்றை உணர்ந்தேன். பிழைகளைப் பெட்டி தானே எண்ணும். தான் இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதை வினாடியின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் கூறும். ஆனால் தான் எங்கே இருக்கின்றது என்பதை அது அறியாது. மனிதர் எழுதிவைத்ததை அப்படியே ஒப்புவிக்கும். மரம் விவரத்திற்கு இடம் அமைத்துத் தரும். அவ்விடத்தில் உண்மையை எழுதுவது நம் கடமை.

அந்த இலையில் 255 எழுத்துகள் வரை எழுதலாம்; தமிழ் எழுத்துக்கு அங்கே இடமில்லை. ஆகவே அதில் ஆங்கிலத்திலும், என் குறிப்புப் புத்தகத்தில் தமிழிலும் எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்த பின்பே பெட்டியை நகர்த்துவேன்.

மாணவச் செல்வங்களே, உங்கள் கொப்பியின் முகப்பில் சென்ற ஆண்டின் வகுப்பு இன்னும் இருக்கின்றதா? இன்றே திருத்திவிடுங்கள். கொப்பி தொலைந்த அன்றுதான் அவ்வரியின் அருமை தெரியும்.

என் மகளின் வரியோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: அப்பா பெட்டிகளோடு கதைக்கிறார், அவை சொல்வது மெய்தானா என்று நேரிலும் போய்ப் பார்க்கிறார்.