மரத்தடியில் ஓர் அரிச்சுவடி

வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்க் குழந்தைக்குத் தாய்மொழி காது வழியே வந்துவிடுகிறது. கண் வழியே வருவதுதான் அரிது. தமிழ்நாட்டுக் குழந்தைக்குக் கடைப்பலகையும் சுவரொட்டியும் பஸ்ஸின் நெற்றியுமே எழுத்தறிவிக்கும். தில்லிச் சாலைப் பலகைகள் பலவற்றில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது என நான்கு மொழிகள் உண்டு. நம் குழந்தையின் மொழி இல்லை. தமிழ் வீட்டுக்குள் மட்டும் வழங்கும் பேச்சு என்று அது எண்ணிவிடுவதில் வியப்பென்ன?

ஆயினும், பலகையில் இல்லாத தமிழ் மரத்தில் இருக்கிறது. 1931-இல் திறந்து வைக்கப்பெற்ற புதுதில்லியின் சாலைகளில் வரிசை வரிசையாக நட்ட மரங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. அக்பர் சாலையில் புளி; ஜன்பத்தில், காவிரிக் கரையிலும் நாம் காணும் மருது; 2022 முதல் கர்த்தவ்ய பத் என வழங்கும் பழைய ராஜபாதையில் நாவல்; வேம்போ எங்கும் உண்டு. குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் இளவெயில் காய்ந்தபடி, ஆறு வயதுப் பேத்தியுடன் இம்மரங்களைத் தேடி நடப்பது என் வழக்கமாயிற்று.

முதலில் மரத்தின் பெயரை உரக்கச் சொல்வோம். பின்பு, அந்நாளில் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியதுபோல், அவள் அதைக் குச்சியால் மண்ணில் எழுதுவாள். உதிர்ந்த இலை ஒன்றை நோட்டில் ஒட்டி, அதன் கீழும் எழுதுவாள்.

ஒருநாள் கேட்டாள்: "தாத்தா, வேம்பிலும் புளியிலும் இருப்பது ஒரே 'பு'தானே? ஏன் வேறு வேறாக ஒலிக்கிறது?" இந்தியில் அவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு, அவற்றை முதலில் கற்ற குழந்தை இங்கே மயங்குவது இயல்பே. சொல்லின் முதலில் வன்மையாக நிற்கும் 'பு', 'ம்' என்னும் மெல்லெழுத்தை அடுத்து வரும்போது மென்மை பெறுகிறது என்று சொன்னேன். காது முன்பே அறிந்த சொற்களாதலால் உடனே விளங்கிற்று. நாவல், பழம், புளி என்னும் மூன்று சொற்களில் ல, ழ, ள மூன்றும் அடங்கின. ஜூன், ஜூலை மாதங்களில் நாவல் பழுத்து உதிர்ந்தபோது, நாக்கு ஊதாவாகிய நிலையிலேயே 'ழ' திருத்தமாக வந்தது!

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பூங்காவுக்குச் செல்லுங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு கதைப்புத்தகம் ஒன்றும், ஒரு நோட்டும் போதும். நிழலில் அமர்ந்து ஆளுக்கு ஒரு வரியாகப் படியுங்கள். தடுமாறும் குழந்தையைக் கடியாதீர்கள். அடுத்த வாரம் குழந்தை தன் நோட்டைத் தானே படிக்கட்டும். தன் கையால் ஆக்கிய நூலைப் படிக்க எந்தக் குழந்தையும் சலிப்பதில்லை.

ஊரிலிருந்து பாட்டி எழுதும் நான்கு வரிகளை நம் பிள்ளைகள் பிறர் வாயால் கேட்க வேண்டுமா, தாமே படிக்க வேண்டுமா? எழுத்தறியாத தலைமுறைக்குப் பேச்சும் நெடுநாள் நிற்பதில்லை. இல்லத்தில் நாம் காத்த மொழியை வெளியிலும் சற்று உலவ விடுவோம். வேம்பின் நிழல் நம் வாசலிலேயே காத்திருக்கிறது.