17வது நிமிடம்

ஒரு கால்பந்து ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டை இன்று மருத்துவக் கண்ணோடு படிப்போம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க நண்பர்களே.

இத்தாலியின் சீரி ஆ லீக். ஃபியோரென்டினா - இன்டர் மிலான். இடம் ஃபுளோரன்ஸ் நகரம். முடிவு 3-0. கோல் அடித்தவர்கள்: ரனியேரி 1, மோய்ஸ் கீன் 2.

இதுவரை சாதாரணம். ஆனா தேதியைப் பாருங்க.

ஆட்டம் தொடங்கியது 2024 டிசம்பர் 1. முடிந்தது 2025 பிப்ரவரி 6.

நடுவுல என்ன ஆச்சு?

ஃபியோரென்டினாவின் நடுக்கள வீரர் எதோர்தோ போவே. வயது 22. 17வது நிமிடம், ஆட்டம் சற்று நின்றிருந்த நேரம். ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். யாரும் மோதவில்லை. பந்தும் படவில்லை. அப்படியே சரிந்தார்.

கார்டியாக் அரெஸ்ட். இரண்டு அணி வீரர்களும் அவரைச் சுற்றி நின்று அழுதார்கள். கரேஜி மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார்.

அதைப் பார்த்தப்போ எனக்கு வேறொரு பையன் முகம்தான் ஞாபகம் வந்தது.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த காலம். ஓட்டப்பந்தயத்தில் மயங்கி விழுந்த மகனை ஒரு அப்பா கூட்டிட்டு வந்தார். பிபி நார்மல். சர்க்கரை நார்மல். "காலையில சாப்பிடாம ஓடியிருப்பான். பயப்படாதீங்கண்ணே, கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

வாசல் வரை போனவர்களை என் சீனியர் நிறுத்தினார்.

"தம்பி, ஓடும்போதே விழுந்தியா? ஓடி முடிச்சு நின்னப்புறமா?"

நான் கேட்கவே கேட்காத கேள்வி.

"ஓடும்போதுதான் சார்."

ஈசிஜி எடுத்தோம். க்யூடி இடைவெளி நீண்டிருந்தது. எந்த நேரமும் இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகக்கூடிய பிறவிக் கோளாறு. சீனியர் அன்று அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால்? இன்னிக்கும் அந்த நினைப்பு வந்தா தூக்கம் போயிடும்.

இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டு வீரர்களுக்கு ஈசிஜியுடன் கூடிய பரிசோதனை கட்டாயம். வெனெட்டோ பகுதியில் இள வயது வீரர்களின் திடீர் இதய மரணம், ஆண்டுக்கு லட்சத்தில் 3.6 என்பதிலிருந்து (1979-80) 0.4 ஆகக் குறைந்தது (2003-04).

அப்படியும் எல்லாம் சிக்காது. இதே ஃபியோரென்டினாவின் கேப்டன் டேவிட் அஸ்டோரி, 2018 மார்ச் 4 அன்று ஹோட்டல் அறையில் இறந்தார். வயது 31.

அதனால்தான் இரண்டாவது அரண் வேண்டும்: பக்கத்தில் நிற்பவரின் கைகள்.

மோதாமல் ஒரு வீரர் சரிந்து, கூப்பிட்டால் அசையாமல், சரியாக மூச்சு விடாமல் கிடந்தால் அதை கார்டியாக் அரெஸ்ட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100-120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். டிஃபிப்ரிலேட்டர் இருந்தால் உடனே. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7-10% குறைக்கும்.

போவேயின் நெஞ்சில் பின்னர் ஐசிடி கருவி பொருத்தப்பட்டது. அந்தக் கருவியுடன் இத்தாலி லீக்கில் ஆட முடியாது. எரிக்சன் இன்டரை விட்டு விலகியதும் இதனால்தான். இழப்புதான். ஆனா ஆள் இருக்கிறார்.

உங்க வீட்டுப் பிள்ளை விளையாடும்போது மயங்கினால் "வெயில்" என்று விட்டுடாதீங்க. ஓடும்போதா, நின்னப்புறமா என்று கேளுங்க. ஒரு ஈசிஜி எடுங்க.

நான் கேட்க மறந்த கேள்வியை நீங்க மறக்காதீங்க.