நின்னாதானே தெரியும்

அப்பாவுடைய ஜிப்ஸி 1999 மாடல். 1298 சிசி, கார்புரேட்டர் வண்டி. 2024 மே மாதம் அது மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. காலையில் மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குச் சமர்த்தாக ஓடும். மத்தியானத்தில் ஆர்.கே. மடம் சாலை நெரிசலில் இருபது நிமிஷம் ஊர்ந்தால் திக்கும், இழுக்காது, சிக்னலில் ஆஃப் ஆகிவிடும். கால்மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தை மாதிரி, எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அது நிற்கவில்லை. ஒரு இடத்தில் பிளக் மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் கார்புரேட்டரைக் கழுவினார்கள். மூன்றாவது இடத்தில் என்ஜினை இறக்கி ஓவராலிங் என்று 65,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஆர்சி புதுப்பிக்க நாலு மாதம்தான் இருந்தது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்தைந்து வருஷமாகத்தான் நீட்டித் தருவார்கள். புதுப்பேட்டையில் உடைக்கக் கொடுத்துவிடலாம் என்று மாமா சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லாமல் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

மந்தைவெளிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் பாய் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார். சூட்டிலயா, குளிர்லயா? மழையில நின்னுச்சா? ஒரே தாளத்துல விட்டு விட்டு அடிக்குதா, மொத்தமா தடுமாறுதா?

"மொத்தமாத்தான் பாய்."

"அப்ப ஒரு பிளக்கு, ஒரு ஒயரு இல்ல. நாலு சிலிண்டருக்கும் பொதுவா இருக்கிறது எதுவோ. கம்ப்ரஷன் போயிருந்தா காலைல மட்டும் எப்டிம்மா நல்லா ஓடும்? என்ஜின இறக்காத."

மீதி இரண்டு: பெட்ரோல், நெருப்பு. சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டாலும் இப்படித்தான் நிற்கும், இக்னிஷன் காயில் சூடாகிச் சோர்ந்தாலும் இப்படித்தான் நிற்கும். ஆறினால் இரண்டுமே சரியாகிவிடும். அதுதான் சிக்கல்.

"எப்ப வண்டிய விட்டுட்டுப் போகட்டும்?" என்றேன்.

"விட்டுட்டுப் போனா என்ன பிரயோஜனம்? வா, போய் நிக்கவைப்போம். நின்னாதானே தெரியும்."

மறுநாள் ஒரு மணி வெயிலில் தி.நகர் போனோம். உஸ்மான் ரோட்டில் வண்டி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனவள் நானாகத்தான் இருப்பேன். பனகல் பூங்கா தாண்டி, புண்ணியமாக, நின்றது. ஓரமாகத் தள்ளினோம். பின்னால் ஆட்டோக்காரர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

பாய் அவசரப்படவில்லை, ஆனால் ஆறவும் விடவில்லை. ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தார். பெட்ரோல் பீய்ச்சியது. அடுத்து பையிலிருந்து ஒரு பிளக்கை எடுத்து ஒயரில் மாட்டி, என்ஜின் இரும்பில் சாய்த்து, "செல்ஃப் அடி" என்றார். நீலமாகப் பளிச்சென்று வர வேண்டிய பொறி மெலிசாக, மஞ்சளாக வந்தது.

அப்புறம் ஈரத்துணியைக் காயில் மேல் போட்டார். பக்கத்திலேயே பெட்ரோல் பம்ப்பும் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மேலும் போடலாமே என்றேன்.

"ரெண்டுலயும் போட்டா வண்டி ஓடும். பதில் வராது."

இதற்குப் பிறகு அவர் எது சொன்னாலும் கேட்கும் முடிவுக்கு வந்துவிட்டேன். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரமாக ஏற்றுவதுதான் காயிலின் வேலை. உள்ளே தலைமுடிபோல் மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. கம்பியின் பூச்சு வயதாகி விரிசல் விட்டால், சூட்டில் சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்தால் விலகும். புது வண்டிகளில் கருவியைச் செருகினால் பி0300 என்று கோடு காட்டும்; மிஸ்ஸாகிறது என்று அது சொல்லும். ஏன் என்பதற்கு அங்கேயும் ஒருவர் தேட வேண்டும்.

மூன்று நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனது. நேரே ஜி.பி. ரோடு போய்ப் புதுக் காயில் வாங்கினோம், 1,400 ரூபாய். பாய் 500 கேட்டார்.

பழைய காயிலை அப்பாவிடம் கொடுத்தேன். கையில் உருட்டிப் பார்த்தார்.

"ஆர்சிக்கு என்னிக்குப் போகணும்?" என்றார்.