61 கட்டைகளும் எங்கள் பிள்ளைகளுக்குத்தான்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில், கரிமூட்டப் புகை ஓயாத ஒரு காலனியில் எங்கள் மாலை நேர மையம் இருக்கிறது. போன மாதம் அங்கே ஆர்கன் ஒலித்தது. "பறை இருக்கும்போது நம் பிள்ளைகளுக்கு ஆர்கன் எதற்கு?" என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள்.

இதே கேள்வியை வேறு வாயிலும் கேட்டிருக்கிறோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஆராதனை முடிந்த ஒரு சர்ச்சில் கீபோர்டைத் தொட்டுவிட்டாள். "உங்க தெருப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கையைத் தட்டிவிட்டார்கள். அன்றுதான் முடிவு செய்தோம்.

குழாய் ஆர்கனுக்கு நாங்கள் எங்கே போவது? கிராண்ட்ஆர்க் என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. உண்மையான ஆர்கனின் குழாய்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்த ஒலிகளை அது இசைக்கும். பழைய லேப்டாப், பழைய 61 கட்டைக் கீபோர்டு, ஒரு யூஎஸ்பி வயர். அவ்வளவுதான் செலவு.

ஆனால் ஆர்கனில் கைக்குத் தனிக் கட்டைகள், காலுக்குத் தனிக் கட்டைகள். எங்களிடம் இருந்தது ஒரே வரிசை. அதைத்தான் பிரித்தோம். மிடி கணக்கில் எங்கள் கீபோர்டு 36-இல் தொடங்கி 96-இல் முடிகிறது. 36 முதல் 59 வரை பெடலுக்கு, 60 முதல் 96 வரை மேனுவலுக்கு. மிடியில் 16 சேனல்கள் உண்டு. கீபோர்டு எந்தச் சேனலில் அனுப்புகிறதோ அதையே இரண்டு பகுதிக்கும் கொடுத்தோம். முதல் நாள் எந்தக் கட்டையைத் தொட்டாலும் இரண்டு ஒலியும் சேர்ந்தே வந்தன. "எல்லை போடலையே அக்கா" என்று அந்த மாணவிதான் கண்டுபிடித்தாள். சேனலைக் கொடுத்த நாங்கள் கீழ்க்கட்டை, மேல்கட்டை எண்களைக் கொடுக்க மறந்திருந்தோம். இப்போது பாட்டுக்குப் பாட்டு அந்த எல்லையை அவளே மாற்றிக்கொள்கிறாள்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005-இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, நம் பரட்டை அண்ணன், நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அந்த வழியை நாங்கள் மறுக்கவில்லை. பறை நம் கலை. ஆனால் அதை நம் பிள்ளைகள் விரும்பி எடுக்க வேண்டும். சாதி அவர்கள் தோளில் மாட்டிவிடக் கூடாது. மற்ற எந்தக் கருவியையும் தொடவே முடியாத பிள்ளைக்கு, பறையை விரும்பி எடுக்கும் உரிமை எங்கிருந்து வரும்?

அந்த மாணவியின் அப்பா, ஊர்த்தெருச் சாவுக்கு இனி அடிப்பதில்லை என்று பறையை இறக்கி வைத்துப் பத்து வருடமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மையத்து வாசலில் தீ மூட்டி, அதைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். "நீ வாசி தாயி, நான் சேர்ந்துக்கிறேன்" என்றார்.

யாரும் கூப்பிட்டு அவர் வரவில்லை.