நியமாட்டா: அட்டையில் அடித்த கோடு

கிகாலியிலிருந்து தெற்கே சுமார் 30 கி.மீ. வழியில் நியாபரொங்கோ ஆறு. 1994ல் இதில் மிதந்த பிணங்கள் விக்டோரியா ஏரி வரை போய்ச் சேர்ந்தன. பாலத்தைத் தாண்டினால் ருவாண்டாவின் புகழ்பெற்ற மலைகள் தணிந்து, வாழைத் தோப்பும் செம்மண்ணுமாக விரிகிறது புகெசேரா. சாலை அருமை. தலைநகரில் ஓடும் டாக்சி பைக்குகளில் பல நம்மூர் டிவிஎஸ். இந்தியனுக்கு அந்நியமாகத் தோன்றாத ஊர்தான், நியமாட்டா தேவாலய வாசலை மிதிக்கும்வரை.

செங்கல் கட்டடம். இப்போது பூசை இல்லை. பெஞ்சுகளின் மேல் மண்ணேறி நிறமிழந்த சட்டைகள், பாவாடைகள், குழந்தைகளின் கவுன்கள். கையெறிகுண்டுச் சிதறல்கள் துளைத்த தகரக் கூரை வழியாகப் புள்ளி புள்ளியாக வெயில் விழுகிறது. 1994 ஏப்ரலில் இங்கும் சுற்றுப்புறத்திலும் சுமார் 10,000 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் வெட்டுக்கத்தியால். நம்பித்தான் வந்தார்கள், முந்தைய கலவரங்களில் தேவாலயத்துக்குள் புகுந்தவர்கள் தப்பித்திருந்தார்கள்.

இறந்தவர்களின் அடையாள அட்டைகளும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அதில் 'உப்வோக்கோ' என்று ஒரு வரி. ஹூட்டு, டுட்சி, ட்வா என்று அச்சிட்டு, பொருந்தாததைப் பேனாவால் அடித்திருப்பார்கள். சாலைத் தடுப்புகளில் கொலையாளிகள் பார்த்தது அந்த வரியைத்தான்.

'இரு பழங்குடிகளின் பரம்பரைப் பகை' என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் அன்று எழுதின. சௌகரியமான விளக்கம், தவறானதும்கூட. இருவருக்கும் ஒரே மொழி, கின்யருவாண்டா. ஒரே தெய்வம், ஒரே மலைச்சரிவு. மாடு வைத்திருந்தவன் டுட்சி, மண்வெட்டி பிடித்தவன் ஹூட்டு என்பது பொது வழக்கு. மாடு சேர்ந்தால் ஹூட்டு டுட்சியாவதும் உண்டு. 'உப்வோக்கோ' என்ற சொல்லே முன்பு குலத்தைக் குறித்ததுதான். ஒரே குலத்தில் மூன்று பிரிவினரும் இருந்தார்கள். ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டுட்சி அரசர் ருவாபுகிரியின் ஆட்சியில் ஹூட்டுகள் கட்டாய வேலை செய்தார்கள். ஆனால் அதை ரத்த விவகாரமாக்கியது ஐரோப்பா.

ஜெர்மானியருக்குப் பின் 1916ல் வந்தது பெல்ஜியம். இந்தப் பகுதியை ஆளும் கூட்டம் எத்தியோப்பியா பக்கமிருந்து வந்த உயர்ந்த இனம் என்று ஆங்கில யாத்ரீகர் ஸ்பீக் 1863ல் கிளப்பிய ஊகம் பெல்ஜிய அதிகாரிகளுக்கு வேதவாக்கு. உயரத்தையும் மூக்கையும் அளந்தார்கள். (நம் நாட்டில் ரிஸ்லி துரை மூக்களந்து ஜாதி வரிசை போட்ட அதே 'விஞ்ஞானம்'.) ஹூட்டு தலைவர்களை நீக்கி டுட்சிகளை அமர்த்தினார்கள். 1930களில் ஆளுக்கொரு அட்டை வந்தது. தந்தையின் பிரிவே பிள்ளைக்கும்.

பிறகு டுட்சிகள் சுதந்திரம் கேட்டபோது, பெல்ஜியமும் கத்தோலிக்கப் பாதிரிமாரும் ஹூட்டு பக்கம் சாய்ந்தார்கள். 1959ல் டுட்சி வீடுகள் எரிந்தன. விரட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைக் கொண்டுவந்து இறக்கிய இடம் இந்த நியமாட்டா. அன்று ட்செட்ஸி ஈக்கள் மொய்த்த காடு. 1962ல் பெல்ஜியர் போனார்கள். அட்டை போகவில்லை. ஹூட்டு அரசுக்கும் அது வசதியாகவே இருந்தது.

1992 மார்ச்சில் இங்கே ஒத்திகை நடந்தது. இத்தாலிய ஊழியர் அன்டோனியா லொக்கடெல்லி வெளிநாட்டு வானொலிக்கு போன் செய்து படுகொலையை அம்பலப்படுத்தினார், சுட்டுக் கொன்றார்கள். அவர் கல்லறை தேவாலயத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. உலகம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 1994 ஏப்ரல் 6ல் ஜனாதிபதி ஹப்யாரிமானாவின் விமானம் வீழ்த்தப்பட்டது. அடுத்த 100 நாட்களில் குறைந்தது 8 லட்சம் பேர் என்பது ஐ.நா. கணக்கு. கொல்ல மறுத்த ஹூட்டுகளும் அதில் அடக்கம்.

இன்றைய அட்டையில் அந்த வரி இல்லை. நீ யார் என்று கேட்பதும் நாகரிகமில்லை. திரும்பும்போது டிரைவரிடம் நானும் கேட்கவில்லை. சொந்த ஊர் நியமாட்டா என்று மட்டும் அவராகவே சொன்னார்.