புல் முளைக்காத மூன்று இடங்கள்

(இரண்டாம் ஆண்டு, அமைப்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று அறிவித்ததும் ஆளுக்கொரு பெரிய தலைப்பாக எடுத்துக்கொண்டார்கள். விண்வெளி, கம்ப்யூட்டர், தன்னம்பிக்கை! நான் எடுத்துக்கொண்டது நம் கல்லூரி முகப்பில் இருக்கும் புல்தரை. சிரிக்காதீர்கள். ஒரு பெரியவரின் பிழைப்பே அந்தப் புல்லை நம்பி இருந்தது.

போன வருடம் கொடிக்கம்பத்தைச் சுற்றியுள்ள லான் சொட்டைத் தலை மாதிரி ஆங்காங்கே வெளுத்துக் கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "ஒழுங்காகத் தண்ணீர் விடுவதில்லை" என்று பழி தோட்டக்காரத் தாத்தா மேல் விழுந்தது. அவர் தினக்கூலி. அடுத்த மாதம் வேறு ஆள் போடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அவரோ பயந்துபோய்க் காலையிலும் மாலையிலும் ஓஸ் பைப்பைப் பிடித்தபடி நின்றார். தண்ணீர் குட்டையாகத் தேங்கியதே தவிர, புல் தலைகாட்டவில்லை.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அம்மா களை எடுக்கப் போகிறவர். அப்பா கொத்தனாருக்குக் கையாள். வேலை கெட்டுப்போனால் முதலில் கூலிக்காரரைத்தான் கேட்பார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதனால் தாத்தாவைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "எல்லா எடத்துலயும் போச்சா, இல்ல எங்கெங்க போச்சுன்னு பாத்தியாடா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் வழி காட்டியது.

திங்கட்கிழமை, சர்வே வகுப்பில் செய்வது போல டேப் பிடித்து லானை நோட்டில் வரைந்து, வெறும் மண்ணாய்க் கிடந்த இடங்களைக் குறித்தேன். மொத்தம் மூன்று. பூச்சியாக இருக்குமோ என்று ஓரத்துப் புல்லைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். வேர்ப்புழு தின்றிருந்தால் பாய் மாதிரிச் சுருண்டு கையோடு வந்துவிடும். இங்கே வேர் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஆக, கோளாறு மண்ணில்தான்.

முதல் இடம், கேட்டிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் குறுக்கு வழி. ஒரு 10 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்தினேன். புல் இருந்த இடத்தில் ஒரு சாண் இறங்கியது. குறுக்கு வழியில் இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை. அடிப்பாகம் வெட்டிய டப்பாவைத் தரையில் பதித்துத் தண்ணீர் ஊற்றினேன். புல்லில் சீக்கிரமே உறிஞ்சிக்கொண்டது. இங்கே சாப்பாடு முடிந்து திரும்பிவந்தபோதும் பாதி நின்றது.

சாயில் மெக்கானிக்ஸில் புராக்டர் சோதனை படிக்கிறோமே! 1933இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் புராக்டர் வெளியிட்டது. மண்ணில் குறிப்பிட்ட அளவு ஈரம் இருக்கும்போது இடித்தால்தான் அது அதிகபட்சமாக இறுகும். ரோடு போடும்போது லேபில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 95 விழுக்காடாவது வரவேண்டும் என்று ரோலர் ஓட்டுகிறார்கள். ரோட்டுக்கு அது பலம். வேருக்கு அதுவே எமன். நல்ல தோட்ட மண்ணில் ஏறக்குறையப் பாதிக் கனஅளவு இடைவெளிதான். அதில்தான் காற்றும் நீரும் தங்கும், வேர் ஓடும். இரண்டு வேளையும் தண்ணீர் விட்டு, அந்த ஈரத்தை நூற்றுக்கணக்கான செருப்புகள் மிதித்தால் என்ன ஆகும்? லேபில் சுத்தியல் செய்வதைத்தான் லானில் செருப்பு செய்தது. தாத்தா விட்ட தண்ணீரே மண்ணை இறுக்கிவிட்டது, பாவம்.

இரண்டாவது இடம், புதிய கட்டடத்தின் ஓரம். அதைக் கேட்டதும் அப்பா சிரித்தார். "கலவ போட்ட எடத்துல எப்படிடா புல்லு வரும்? நோண்டிப் பாரு" என்றார். தோண்டினால் அரையடிக்குக் கீழே காய்ந்த சிமென்ட் கலவையும் செங்கல் துண்டுகளும்! மேலே மெல்லிசாக மண்ணைத் தூவி மூடியிருக்கிறார்கள். அந்த மண்ணை வாலை வடிநீரில் கரைத்துப் பி.எச். தாள் வைத்துப் பார்த்தேன். 9ஐக் காட்டியது. நல்ல புல் இருந்த இடத்தில் 7க்குச் சற்று மேல். சிமென்டில் சுண்ணாம்பு உண்டல்லவா? காரத்தன்மை ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

மூன்றாவது, வேப்பமரத்தடி. அங்கே ஒரு குற்றமும் இல்லை, நிழலைத் தவிர. நம் லானில் இருப்பது அருகம்புல். அதற்கு நல்ல வெயில் வேண்டும்.

இவற்றையெல்லாம் இரண்டு பக்கத்தில் படத்தோடு எழுதித் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நீயே சரி பண்ணிக் காட்டு" என்றார். என்.எஸ்.எஸ். நண்பர்கள் பதினான்கு பேர் இரண்டு சனிக்கிழமை கைகொடுத்தார்கள்.

குறுக்கு வழியை முக்கால் அடி ஆழம் கொத்திப் புரட்டி, மக்கிய எருவும் செம்மண்ணும் கலந்தோம். வேலி போட்டால் தாண்டுவார்கள். அதனால் ஒர்க்‌ஷாப் பின்னால் கிடந்த கடப்பைக் கற்களை ஓர் எட்டுக்கு ஒன்றாகப் பதித்தோம். கட்டடத்தின் ஓரம் ஓரடி தோண்டிக் கழிவை அள்ளிப்போட்டு, வேறு மண் நிரப்பினோம். கோரையைப் பற்றி அம்மா முன்பே எச்சரித்திருந்தார்: "மேலால புடுங்காத, ஒண்ணு பத்தாவும். கெழங்கோட எடு." அப்படியே எடுத்தோம். பிறகு அடர்ந்த இடத்து அருகம்புல்லை இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டி, நான்கு விரல் இடைவெளியில் வெயில் தாழ்ந்த பிறகு நட்டோம். எப்படி நட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் தாத்தாதான். மரத்தடிக்குப் புல் வேண்டாம், உட்கார பெஞ்சு போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். போட்டுவிட்டார்கள்.

ஐந்தாவது வாரம் பச்சை கட்டியது. கல்யாண வீட்டில் 'அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துவது சும்மா இல்லை! வேர் பிடித்த பிறகுதான் முதல் வெட்டு வெட்டினோம். அதுவும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவில்லை.

தாத்தா வேலையில் இருக்கிறார். இன்னும் தினக்கூலிதான், அதை மாற்ற என் ரிப்போர்ட்டால் முடியவில்லை. ஆனால் வேறு ஆள் என்ற பேச்சு நின்றுவிட்டது. ரிப்போர்ட்டின் கடைசியில் 'உதவி' என்ற இடத்தில் பாடப் புத்தகத்தோடு அம்மா, அப்பா, தாத்தா மூவர் பெயரையும் எழுதியிருந்தேன். துறைத்தலைவர் அதை அடிக்கவில்லை.

நண்பர்களே, நாளை நாம் சூப்பர்வைசராகவும் என்ஜினியராகவும் போகப்போகிறோம். ஏதாவது ஒன்று கெட்டுப்போனால், யாரால் என்று கேட்பதற்கு முன் எங்கே, எதனால் என்று குனிந்து பார்ப்போம். அப்புறம் ஒரு வேண்டுகோள். ஒர்க்‌ஷாப் பக்கம் கடைசிக் கல்லை ஒட்டி ஒரு முழத்துக்கு இன்னும் புல் வரவில்லை. எல்லோரும் அங்கே கல்லிலிருந்து கீழே குதிக்கிறோம். இன்னும் ஒரு கல் கிடைக்கும்வரை கொஞ்சம் சுற்றிப் போங்களேன்!