வாய்ப்புண் என்றால் சூடு மட்டும்தானா?

எங்கள் செஞ்சியில் வெயிலுக்குக் குறைச்சலே இல்லை. பாறை பாறையாய் மூன்று மலைகள். சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்கும் அனலை விட்டுக்கொண்டிருக்கும். அதனால் யாருக்கு வாய்ப்புண் வந்தாலும், "உடம்புச் சூடுதான், மணத்தக்காளிக் கீரையைக் கூட்டு வச்சுக் குடு" என்பதோடு விஷயம் முடிந்துவிடும். கீரையை நான் குறை சொல்லவில்லை. தேங்காய்ப்பால் விட்டு வைத்தால் புண் வாய்க்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்கழிப் பனியிலும் என் பெண்ணுக்கு மாதா மாதம் வந்ததே, அதற்கு எந்தச் சூட்டைச் சொல்வது?

உதட்டின் உட்புறம், நாக்கின் ஓரம் என்று வெள்ளையாய், சுற்றிலும் சிவந்து, மிளகளவு புண். ரசம் சாதம்கூட இறங்காது. பத்து நாளில் ஆறும். அடுத்த மாதம் வேறு இடத்தில் முளைக்கும். "எதிர்ப்புச் சக்தி இல்லீங்க, டானிக் வாங்கிக் குடுங்க" என்றார்கள் அக்கம்பக்கத்தில். பல் டாக்டரம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "சக்தி இல்லாம இல்லம்மா. இருக்கிறது கொஞ்சம் அவசரப்படுது" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நம் உடம்புக்கு இரண்டு விதமான காவல் உண்டாம். அம்மை மாதிரி ஒருமுறை வந்த நோயை ஞாபகம் வைத்திருந்து தடுப்பது ஒன்று. பிறக்கும்போதே கூட வருவது மற்றொன்று. இது பேர், ஊர் விசாரிக்காது. அந்நியம் என்று தோன்றினால் உடனே பாயும். வாயின் மெல்லிய தோல், எச்சில், வெள்ளணுக்கள் எல்லாம் இந்தப் படையைச் சேர்ந்தவை. எச்சிலில் லைசோசைம் என்று ஒரு பொருள், சில கிருமிகளின் மேலுறையையே கரைத்துவிடும். பென்சிலின் புகழ் அலெக்சாண்டர் ஃப்ளெமிங்தான் 1922-ல் இதைப் பற்றியும் எழுதினார். முதலில் பார்த்தது எதில் தெரியுமா? ஜலதோஷக்காரரின் மூக்குச்சளியில்! இந்தப் பிறவிக் காவல் எப்படி விழித்துக்கொள்கிறது என்று கண்டவர்களுக்கு 2011-ல் நோபல் பரிசே கிடைத்தது.

எங்கள் கோட்டையை மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டது. அப்போது மதிலில் நின்றவர்கள் வெளியே பார்த்துத்தான் சுட்டார்கள். வாய்ப்புண்ணில் நடப்பது வேறு. பல் பட்ட சின்னக் கீறலைப் பெரிய படையெடுப்பு என்று எண்ணி, காவல்காரர்களே மதிலை இடிக்கிறார்கள். வெள்ளணுக்கள் கூட்டமாய் வந்து, அழற்சியை மூட்டும் பொருள்களைக் கொட்டித் தோலைப் புண்ணாக்கிவிடுகின்றன. முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. குடும்ப வழி, கவலை, இரும்புச் சத்து, பி12, ஃபோலிக் அமிலக் குறைவு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். அதனால்தான் டானிக்குக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். என் பெண்ணுக்கு இரும்பும் பி12-ம் குறைவு. மாத்திரையோடு மெத்தென்ற பிரஷ், நுரை அதிகம் வராத பற்பசை. (சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள் சிலருக்கு ஆகாது.) நாலு மாதத்தில் ஒரே தடவைதான் வந்தது, அதுவும் பரீட்சை சமயம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார் ஒரு நாள், "எனக்கும்தான் ஒண்ணு இருக்கு. வலியே இல்ல, ஆடியிலேருந்து அப்படியே கெடக்குது" என்றார். எனக்குத் திக்கென்றது. அப்போது ஐப்பசி. சாதாரணப் புண் இரண்டு வாரத்தில் ஆறிவிட வேண்டும். ஒரே இடத்தில் மூன்று வாரம் தாண்டினால், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் காட்டியே ஆகவேண்டும், புகையிலை போடுகிறவர்கள் ஒரு நாளும் தள்ளக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அத்தை நாற்பது வருஷமாய் வெற்றிலையோடு புகையிலை.

"இந்த வயசுல எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி" என்று முரண்டு பிடித்தவரை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனோம். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. புற்று இல்லை, ஆனால் விட்டால் அப்படி மாறக்கூடிய இடம் என்றார்கள். புகையிலையை அடியோடு நிறுத்தச் சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவும் சொல்லியிருக்கிறார்கள்.

வெற்றிலைப் பெட்டியில் இப்போது சோம்பும் கிராம்பும்தான். புகையிலை கேட்டு என்னோடு தினம் ஒரு சண்டை. போடட்டும்.